ஓய்வும் உளியும்

அலுவலினின்றும் ஓய்வு பெற்ற முதியோர் தம் பகற்பொழுதை எங்ஙனம் கழிக்கின்றனர் என்பது கூர்ந்து நோக்கத்தக்கதொன்று. சிலர் காலைச் செய்தித்தாளை மும்முறை படிக்கின்றனர். சிலர் பூங்காவின் கல்லிருக்கையில் அமர்ந்து, தாம் பணியாற்றிய காலத்து மேலதிகாரிகளின் குற்றங்களை ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்து மகிழ்கின்றனர். சிலர் பேரன் பேத்தியரைப் பள்ளிக்குக் கொண்டுவிடுதலும் மீண்டும் அழைத்து வருதலுமே கடனெனக் கொண்டு காலங் கழிக்கின்றனர். இன்னுஞ் சிலர், இளமையில் ஆசையிருந்தும் அவகாசமின்மையாற் கைவிட்ட ஒரு கலையை முதுமையில் மீண்டும் கைக்கொள்கின்றனர். இவருள் இறுதியிற் கூறப்பட்டோரே பேறு பெற்றோர் என்பது என் கருத்து. எனினும் அவர்தம் கைத்திறன் வீட்டு வாயிலைக் கடந்து சந்தைக்குச் செல்லும்போது, அவரும் அவர்க்குத் துணைநிற்போரும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அதனை யான் கற்றறிந்த வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன். படிப்போர் இதன்கண் என் பெருமையைக் காணார். என் பிழையையே காண்பர்.

என் தாயைப் பெற்ற பாட்டனார், திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையிலுள்ள இரயில்வேப் பணிமனையில் தச்சராகப் பணியாற்றியவர். நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928-ஆம் ஆண்டளவில் பொன்மலைக்கு மாற்றப்பெற்றது. அதனைச் சூழ்ந்தே அவ்வூர் வளர்ந்தது. 1972-இல், இப்பொழுது எனக்கு ஆகின்ற அதே பத்தொன்பதாம் அகவையில், அவர் அங்குப் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்தார். 2013-இல் அறுபதாம் அகவையில் ஓய்வு பெற்றார். அவர் செய்த வேலை மேசை நாற்காலி செய்யும் வேலையன்று. உருக்கிய உலோகத்தை வார்ப்பதற்கு மணலில் அச்சுப் பதித்தல் வேண்டும். அவ்வச்சுக்கு மூலமாகிய மாதிரியுருவை மரத்தாற் செய்தல் வேண்டும். அம்மாதிரிகளைச் செய்தலே அவர் தொழில்.

அத்தொழிலில் ஒரு நுட்பம் உண்டு. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அங்குலம் சுருங்கும். ஆதலின் மாதிரியை வேண்டிய அளவிலேயே செய்தால், வார்த்தெடுத்த பொருள் சிறுத்துப்போம். இதன்பொருட்டு மாதிரித்தச்சர் தனியே ஓர் அளவுகோல் வைத்திருப்பர். அதில் ஓர் அடி எனக் குறித்திருப்பது உண்மையில் ஓர் அடியினும் சிறிது மிகுதியாயிருக்கும். பித்தளை இரும்பினும் மிகுதியாகச் சுருங்குமாதலின் அதற்கு வேறொரு கோல். பார்வைக்கு எல்லாக் கோலும் ஒன்றுபோலவே தோன்றும். பக்கத்திற் பக்கமாக வைத்தாலன்றி வேறுபாடு புலப்படாது. பாட்டனார் தம் கோலொன்றை வீட்டுத் தாழ்வாரத்துச் சுவரில் இன்றும் மாட்டி வைத்திருக்கின்றார். "கோலைப் பார்க்காமல் அளவைச் சொல்லாதே" என்பது அவர் அடிக்கடி கூறும் வார்த்தை. சிறுமியாயிருந்தபோது அதனை மரவேலைக்கு மட்டும் உரியதோர் எச்சரிக்கை என்றே எண்ணியிருந்தேன்.

ஓய்வு பெற்றபின் முதல் ஏழாண்டுகளைப் பாட்டனார் வீட்டு வேலையும் ஆலய வேலையுமாகக் கழித்தார். ஆலயத்தில் ஆடும் இருக்கைகளுக்கு ஆப்பு வைப்பதற்கும், அயலார் வீட்டுக் கதவு மழைக்காலத்திற் பிடித்துக்கொண்டால் இழைத்துக் கொடுப்பதற்கும் அவரையே அழைப்பர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோயின் பொருட்டு ஊரடங்கு வந்தது. வெளியே செல்லவியலாத அந்நாட்களில், பரணிற் கிடந்த பழைய தேக்குச் சட்டங்களை இறக்கி, பாட்டியாருக்கு ஓர் அஞ்சறைப்பெட்டி செய்து கொடுத்தார். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என்பவற்றிற்கு அறை அறையாக மரத்தில் அமைந்த அப்பெட்டி முற்காலத்தில் பல அடுக்களைகளில் இருந்தது. எவர்சில்வர் வந்தபின் வட்டமான டப்பாவுக்குள் கிண்ணங்களாக மாறிற்று. பாட்டியார் அதனைக் கையில் வாங்கிப் பார்த்து, "கலியாணமான புதிதில் கேட்டேன், இப்போதுதான் காதில் விழுந்திருக்கிறது" என்றார். அதனைப் பாராட்டென்றே பாட்டனார் கொண்டார். அன்றுமுதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் தோன்றலாயின.

அவர் பெட்டி செய்யும் முறையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பின்வருவன விளங்குதற்கு அது துணையாகும். மரம் புதிதாக வாங்கார். பழைய வீடுகளை இடிக்குமிடத்துக் கிடைக்கும் நிலை, சன்னல் ஆகியவற்றின் தேக்கையே பழைய மரக்கடையில் தேர்ந்தெடுப்பார். ஐம்பது அறுபது ஆண்டுகள் வெயிலும் மழையுங் கண்ட மரம் வளையவேண்டியதெல்லாம் முன்னரே வளைந்து முடித்திருக்கும் என்பது அவர் கணக்கு. முதலிற் காந்தத்தைத் தடவி உள்ளே ஆணி உண்டோ என்று பார்ப்பார். ஓர் ஆணி தப்பினாலும் ரம்பத்தின் பல் போய்விடும். பின் அறுத்து, இழைப்புளியால் இழைத்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பார். நான்கு மூலைகளையும் ஆணியின்றியே பொருத்துவார். ஒரு பலகையின் முனையைப் புறாவின் விரித்த வாலைப்போல அறுத்து, மற்றொன்றில் அதற்கேற்ற பள்ளங்களை உளியாற் செதுக்கி, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி இறுக்குவார். இங்ஙனம் கோத்த மூலை இழுத்தாலும் கழலாது. உள்ளே தடுப்புப் பலகைகள். மேலே பள்ளத்தில் ஓடும் மூடி. உட்புறத்துக்கு எண்ணெயோ மெருகோ இடார். இட்டால் சீரகமும் மிளகும் அவ்வாசனையை வாங்கிக்கொள்ளும். வெளிப்புறத்துக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயை மும்முறை பூசி, ஒவ்வொரு முறையும் சில நாள் உலரவிட்டு, இறுதியில் தேன்மெழுகு தேய்ப்பார். ஒரு பெட்டிக்குக் கைவேலை மட்டும் பதினாறு மணி நேரம் ஆகும். உலர்தலையுஞ் சேர்த்தால் இருபது நாட்கள் ஆகும்.

2023-ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதிவிட்டு விடுமுறையிலிருந்தேன். உறவினர்க்கெல்லாம் கொடுத்தது போகத் தாழ்வாரத்தில் ஒன்பது பெட்டிகள் அடுக்கியிருந்தன. "இனி யாருக்குக் கொடுப்பது?" என்று பாட்டியார் வினவினார். "விற்றுவிடலாம்" என்றேன் யான்.

கையாற் செய்த பொருள்களை இணையவழி விற்றல் உலகிற்குப் புதிதன்று. 2005-ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரத்துப் புரூக்ளினில் தொடங்கப்பெற்ற எட்சி என்னும் இணைய அங்காடி அதற்கெனவே தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய ராபர்ட் காலின் தாமும் மரவேலை செய்தவர். நம் நாட்டிலோ 2016-இல் யு.பி.ஐ. முறை வந்தபின், பணம் பெறுதற்குக் கடையும் கல்லாப்பெட்டியும் வேண்டாவாயின. கைப்பேசி ஒன்றிருந்தால் திண்ணையே கடையாகிவிடும்.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்திற் பெட்டிகளைப் படம் பிடித்தேன். அவற்றின்கீழ் எழுதவேண்டிய சொற்களுக்கே பெரிதும் உழைத்தேன். "எழுபதை எட்டிய பாட்டனார், நடுங்கும் கரங்களால், ஒவ்வொரு பெட்டியிலும் தம் வாழ்நாளையே செதுக்குகின்றார்" என்பது யான் எழுதிய முதல் விளம்பரம். படித்துக் காட்டியபோது பாட்டனார் உளியைக் கீழே வைத்துவிட்டு, "என் கை எப்போதம்மா நடுங்கிற்று? நடுங்கினால் மூலை சேருமா?" என்று கேட்டார். "அஃது இலக்கிய நயம், தாத்தா" என்று கூறி நகைத்தேன். அவரும் நகைத்தார். சொல்லை மாற்றினேனல்லேன்.

விலை குறிக்கவேண்டிய வேளை வந்தது. மரத்துக்கு இருநூற்றைம்பது, எண்ணெய், மெழுகு, உப்புத்தாள் ஆகியவற்றுக்கு எழுபது, ஆக முந்நூற்றிருபது ரூபாய் செலவு. பாட்டனார் சற்றே எண்ணி, "நானூறு என்று போடு" என்றார். "தங்கள் உழைப்புக்கு?" என்றேன். "எனக்குப் பொழுது போகிறதே; அதற்கு நானல்லவா காசு கொடுக்கவேண்டும்?" என்றார். அவ்விடை எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றிற்று. அதனையும் பக்கத்தில் எழுதினேன். பலர் அதனைப் பாராட்டினர்.

நான்காம் நாள் மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை முதற்பெட்டியை வாங்கினார். அது போய்ச் சேர்ந்தபின் அவர் எழுதிய நன்றிக் கடிதத்தைப் பாட்டனார் என்னை இருமுறை படிக்கச் சொன்னார். பணிமனையில் நாற்பத்தோராண்டுகள் அவர் செய்த மாதிரிகளெல்லாம் மணலில் அச்சுப் பதித்தபின் அலமாரிக்குத் திரும்பியவை. அவர் கைவேலையைக் கையில் ஏந்தி ஒருவர் எழுதிய முதற் கடிதம் அதுவே. ஓய்வு பெற்றோர்க்கு இவ்விற்பனையால் வரும் பயன் பணத்தினும் இதுவே பெரிது என்பதை அன்று அவர் முகத்திற் கண்டேன்.

அனுப்பும் வேலையை யான் ஏற்றேன். பொருள் எடையிற் குறைந்திருந்தாலும் இடத்தை அடைத்தால், அதற்கும் கூரியர்க்காரர் கூலி கொள்வர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்து வருவதை ஓர் எடையாகக் கொள்வர். உண்மை எடை, இவ்வெடை ஆகிய இரண்டனுள் மிகுந்ததற்கே கட்டணம். ஒன்றரைக் கிலோப் பெட்டியைப் பஞ்சும் அட்டையும் வைத்துப் பெரிதாகக் கட்டி, இரண்டரைக் கிலோவுக்குமேற் பணங் கட்டிவிட்டு வந்தேன். பாட்டனார் மறுநாள் அட்டையைத் தாமே அளந்து வெட்டிச் சிறிய கட்டாக்கித் தந்தார்.

2024-ஆம் ஆண்டு சூன் மாதத்தில், பதினொருவர் ஒருங்கே பெட்டி கேட்டனர். யான் பாட்டனாரைக் கேளாமலே, பத்து நாட்களில் அனுப்புவதாக எழுதிவிட்டேன். பழைய மரம் தீர்ந்திருந்தது. அறுவை ஆலையிலிருந்து புதுப்பலகை வாங்கினோம். "இஃது ஒரு மழைக்காலமாவது கிடக்கவேண்டும், அம்மா" என்றார் பாட்டனார். "வாக்குக் கொடுத்துவிட்டேன், தாத்தா" என்றேன். என் வாக்கைக் காப்பதற்காக அவர் தம் வழக்கத்தை மாற்றினார். இரவிலும் விளக்கிட்டு வேலை செய்தார். அப்பெட்டிகளுள் ஒன்று நீலகிரியிலுள்ள கூடலூருக்குச் சென்றது. அங்குத் தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்யுங் காலம். மரம் ஈரத்தை உண்டால் நீளவாக்கிற் பெரும்பாலும் மாறாது, குறுக்குவாக்கிலேயே பருக்கும். மூடி பள்ளத்திற் பிடித்துக்கொண்டு திறக்கவில்லை. உள்ளே மஞ்சளும் மிளகும் அகப்பட்டுக் கிடக்கின்றன என்று அவ்வீட்டு அம்மையார் எழுதினார். பாட்டனார் பணத்தைத் திருப்பியனுப்பச் சொல்லி, மூடிக்கு இடம் விட்டு வேறொரு பெட்டியையும் செய்தனுப்பினார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இரும்பு சுருங்கும் என்று தெரிந்தவன், மரம் பருக்கும் என்பதை மறந்துவிட்டேனே" என்று தம்மையே நொந்துகொண்டார். அப்பிழை என்னுடையதாயிருந்தும், அன்று யான் அதனை வாய்விட்டுக் கூறினேனல்லேன்.

அது நிற்க. 2024-ஆம் ஆண்டு முடியுமுன் நாங்கள் அறுபத்துமூன்று பெட்டிகளை விற்றிருந்தோம். இளங்கலைத் தமிழ் பயிலும் யான், என் தமிழாலன்றோ இத்தனையும் விற்றன என்று உள்ளூரச் செருக்குற்றிருந்தேன்.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஒரு திங்கட்கிழமை மாலை, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் எம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் ஏறினார். கையில் ஒரு துணிப்பை. பொன்மலையில் ஞாயிறுதோறுங் கூடுஞ் சந்தையில் மரச்சாமான் விற்பவர் தாம் என்றும், கடைசற் பட்டறை வைத்திருப்பதாகவும் கூறினார். பின் பையிலிருந்து இரண்டு அஞ்சறைப்பெட்டிகளை எடுத்துத் திண்ணையில் வைத்தார். ஒன்று அவர் செய்தது. மற்றொன்றைக் கண்டு திடுக்கிட்டேன். அது பாட்டனார் செய்தது. மூன்று வாரத்திற்கு முன் யானே கட்டி அனுப்பியது. தம் மகளின் கைப்பேசி வாயிலாக அதனை விலைகொடுத்து வாங்கியிருந்தார்.

"ஐயா, உங்கள் வேலையைக் குறைசொல்ல வரவில்லை. என்னைவிட நன்றாகவே செய்திருக்கிறீர்கள். மூலையைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன்" என்று தொடங்கினார். "நான் ஒரு நாள் முழுவதும் உழைத்து, தொள்ளாயிரத்தைம்பதுக்கு விற்கிறேன். அதிலிருந்து குறைத்தால் எனக்குக் கட்டாது. சந்தைக்கு வருகிறவர்கள் கைப்பேசியை எடுத்துக் காட்டி, 'இங்கே நானூறுதானே' என்கிறார்கள். நானூறுக்குக் கொடுக்க வழியிருந்தால் நானும் கொடுத்துவிடுவேன். இந்த மரத்தை எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதைக் கேட்டுப் போகத்தான் வந்தேன்."

பாட்டனார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "நீங்கள் வாங்குகிற விலைக்குத்தான் தம்பி நானும் வாங்குகிறேன். மரம் இருநூற்றைம்பது" என்றார்.

"அப்படியானால் கூலி?"

"கூலி போடவில்லை."

"கூலி போடாமல் எப்படி ஐயா சாப்பிடுகிறீர்கள்?"

அவர் இதனைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அதனாலேயே அக்கேள்வி என் நெஞ்சிற் தைத்தது. பாட்டனார் தலை குனிந்து, "மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடுகிறது, தம்பி" என்றார்.

வந்தவர் தம் பெட்டியை எடுத்து, மூடியை ஒருமுறை திறந்து மூடினார். "அந்த மரக்கடை எனக்குக் கிடைக்காது, ஐயா" என்று கூறிச் சிரித்தார். பாட்டியார் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு விடைபெற்றுச் சென்றார். பாட்டனார் அன்றிரவு உண்ணவில்லை.

உணவுவேளை கழிந்தபின் அவர் சுவரிலிருந்த கோலை எடுத்து, ஒரு சாதாரண அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து என்னை அழைத்தார். பன்னிரண்டாம் அங்குலத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றுபடாது விலகி நின்றன. "பார், அம்மா. நான் என் கோலால் அளந்தேன். அந்தத் தம்பியின் கோல் வேறு" என்றார். பிறகு தாளும் எழுதுகோலும் கொண்டுவரச் சொன்னார். இருவருமாக அவருடைய கணக்கை எங்களுக்குத் தெரிந்த அளவிற் போட்டுப் பார்த்தோம். மரம் இருநூற்றைம்பது, எண்ணெய் முதலியன அறுபது, பட்டறை வாடகையிலும் மின்சாரத்திலும் ஒரு நாட்பங்கு எண்பது, சந்தையில் இடத்துக்கு இருபது. ஆக நானூற்றுப்பத்து. தொள்ளாயிரத்தைம்பதிற் கழித்தால் மிஞ்சுவது ஐந்நூற்று நாற்பது. அதுவே ஒரு நாளைக் கூலி. பெட்டி விற்றால் மட்டும் வருங் கூலி. எங்கள் கணக்கில் நானூற்றில் முந்நூற்றிருபது போக மிஞ்சுவது எண்பது. பதினாறு மணி நேரத்திற்கு எண்பது. மணிக்கு ஐந்து ரூபாய்.

யான் வாதிட்டேன். "நாம் யாரையும் ஏமாற்றவில்லையே, தாத்தா. குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்குகிறவர்க்கு நன்மைதானே?" என்றேன்.

"அந்த நன்மை எங்கிருந்து வந்தது? பாதி என் ஓய்வூதியத்திலிருந்து வந்தது. அதைக் கொடுக்க எனக்கு உரிமையுண்டு. மற்றப் பாதி அந்தத் தம்பியின் கூலியிலிருந்து வந்தது. அதை எடுத்துக் கொடுக்க நான் யார்?" என்றார் அவர். பின் மெல்ல நகைத்து, "நாசரேத்தூர்த் தச்சருக்கு ஓய்வூதியம் கிடையாது, அம்மா. அவர் செய்த நுகத்தை ஊரார் கூலி கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்கள்" என்றார்.

அறுபத்துமூன்று பெட்டிகளால் ஒருவர் பிழைப்புக் கெடுமோ என்று நண்பர் சிலர் கேட்கலாம். யானும் அவ்வாறே கேட்டேன். விடை சந்தையில் இருக்கின்றது. பெட்டிகளை வாங்கினோர் சிலரே. எங்கள் பக்கத்தில் அவ்விலையைக் கண்டோர் மிகப் பலர். பெட்டி தீர்ந்துபோன பின்னும் 'நானூறு' என்னும் எண் அங்கேயே நின்றது. பொருளை ஒருவருக்கே விற்கலாம். விலையையோ ஊர் முழுதும் கொண்டுபோய் அடுத்த கடைக்காரர் முகத்தில் நீட்டலாம். கைப்பேசி வருமுன் ஒரு முதியவர் தம் திண்ணையிற் பெட்டியை நானூறுக்கு விற்றிருந்தால், அச்செய்தி இரண்டு தெருவைக் கடந்திராது.

இஃது எங்கள் ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2004-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன் மத்திய அரசுப் பணியிற் சேர்ந்த என் பாட்டனார் போன்றோர்க்குப் பழைய முறைப்படி ஓய்வூதியம் வருகின்றது. பிள்ளைகளின் பொருளுதவியால் வாழும் முதியோரும் பலர். இவர்கள் தையலும் ஊறுகாயும் மரவேலையும் பொழுதுபோக்காகச் செய்து விற்கும்போது, அதே பொருளைச் செய்து அன்றாடம் அடுப்பு மூட்டுவோர் ஒருவர் எங்கோ இருக்கின்றார். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் 2020-ஆம் ஆண்டிலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. அக்குறியீடு கைவினையின் பெயரைப் பிறர் கவராமற் காக்கும். கைவினைஞரின் கூலியைக் காப்பதற்கோ, விலை கூறுவோரின் மனச்சான்றையன்றி வேறு குறியீடில்லை. இதனால் முதியோர் விற்கவே கூடாது என்பது என் கருத்தன்று. மதுரை ஆசிரியையின் கடிதத்தைக் கேட்ட பாட்டனாரின் முகத்தை யான் மறக்கவியலாது. தம் உழைப்புக்கு விலையில்லை என்று முதியவர் கூறுதல் பணிவாகத் தோன்றும். ஆயின் சந்தையிலே அச்சொல், அதே உழைப்பைச் செய்யும் பிறர்க்கும் விலையில்லை என்று பொருள்படும்.

மறுநாளே விலையைத் தொள்ளாயிரத்தைம்பது என மாற்றினேன். அடுத்த ஞாயிறன்று பாட்டனார் சந்தைக்குச் சென்று, அவருடைய பெட்டிகளையும் எங்கள் பக்கத்தில் இடலாமா என்று கேட்டார். அவர் உடனே இசையவில்லை. "உங்களுக்கு வந்த ஆர்டரை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று வேண்டாம், ஐயா" என்றார். மூன்றாம் ஞாயிறு இசைந்தார். இருவர் பெட்டிகளையும் அருகருகே வைத்துப் படம் பிடித்து, ஒரே விலையில் இட்டேன். சிக்கல் தீர்ந்தது என்று மகிழ்ந்தேன்.

தீரவில்லை. மார்ச்சு முதல் மே வரை மூன்று திங்களில் விற்றவை ஏழு. அவற்றுள் ஐந்து பாட்டனாருடையவை, இரண்டே அவருடையவை. "இது தாத்தா செய்ததுதானே?" என்று கேட்டே பலர் வாங்கினர். அப்போதுதான் என் பிழையின் வேரைக் கண்டேன். அவர்கள் பெட்டியை மட்டும் வாங்கவில்லை. யான் எழுதிய 'நடுங்கும் கரங்களை'யும் வாங்கினர். நடுங்காத கையை நடுங்குவதாக எழுதிய அப்பொய்யின்முன், மெய்யாகவே நாள்முழுதும் உழைக்கும் ஒரு கை தோற்றது. சொல்லைப் பயில்வதற்கென்றே கல்லூரிக்கு வந்தவள் யான். மரத்துக்கு ஒரு கோலும் மாதிரிக்கு ஒரு கோலும் வைத்துக் காத்தவரின் பேத்தி, சொல்லுக்கு ஒரு கோலும் வையாது விட்டேன்.

இதனைப் பாட்டனாரிடம் கூறி வருந்தினேன். அவர் கடிந்தாரல்லர். "நீ எழுதியதை நீயே இழைத்துவிடு" என்றார். அன்றே அவ்விளம்பரத்தை நீக்கினேன். சூன் முதல் அவர் அஞ்சறைப்பெட்டி விற்பதை நிறுத்திவிட்டார். இப்பொழுது, ஒரே பலகையில் அறுத்து, கீலின்றி விரிந்து மடியும் புத்தகத் தாங்கிகளைச் செய்கின்றார்; எம் சந்தையில் அதனைச் செய்து பிழைப்போர் எவருமிலர் என்று விசாரித்து அறிந்தபின்னரே தொடங்கினார். விலையிற் கூலியையுஞ் சேர்த்தே குறிக்கின்றோம். ஆதலின் திங்களுக்கு இரண்டோ மூன்றோதான் விற்கின்றன. அதனால் அவருக்கு வருத்தமில்லை. பழைய மரத்தைக் காயவிடுதற்கு இப்பொழுது காலம் இருக்கின்றது.

பட்டறைக்காரரின் பெட்டிகள் மட்டும் அப்பக்கத்தில் உள்ளன. அவற்றின்கீழ் எழுதுவதற்கு நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டேன். உவமையும் உருக்கமும் நிறைந்த பல வாக்கியங்களை எழுதி எழுதி அழித்தேன். இறுதியில் நின்றது இது: "இப்பெட்டியைச் செய்தவர் இத்தொழிலாலேயே தம் குடும்பத்தைக் காப்பவர். விலையில் ஒரு நாட்கூலி அடங்கியுள்ளது." அவரிடம் படித்துக் காட்டினேன். "உள்ளதைத்தானே எழுதியிருக்கிறாய், அம்மா, இருக்கட்டும்" என்றார். முன்போல் எவரும் அதனைப் பாராட்டி எழுதுவதில்லை. அதனைப் படித்து இதுகாறும் வாங்கினோர் பதினெழுவர்.

இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவர்களும் ஒருநாள் ஓய்வு பெறுவர். அவருட் சிலரேனும் உளியையோ ஊசியையோ கையில் எடுப்பர் என்று நம்புகின்றேன். எடுத்தல் வேண்டுமென்றே விரும்புகின்றேன். செய்த பொருளுக்கு விலை குறிக்க உட்காருங்கால், தம் பேத்தியையோ பேரனையோ சந்தைக்கு ஒருமுறை அனுப்பி, அதே பொருளை அங்கு விற்று உண்பவர் என்ன விலை கூறுகின்றார் என்று கேட்டுவரச் செய்வாராக. அவ்வாறு போகும் பேத்தியரும் பேரன்மாரும், கேட்டு வந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவாராக.